ரிகர்சல் அண்ணனின் காதோரக் கட்டி

ஒத்திகை பார்க்காமல் தும்மக்கூடத் துணியாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ரிகர்சல் அண்ணன். ஜாதவ்பூரில் நானும் அவரும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். மதுரைக்காரர். மீன் வாங்கப் போவதற்கு முன் என்னை மீன்காரராக உட்காரவைத்துப் பேரம் பேசிப் பார்ப்பார். நான் சட்டென்று விலையைக் குறைத்தால் கோபம் வரும்.

"அவன் இப்பிடிக் குறைக்க மாட்டான்டா. ஒழுங்கா நடி!"

ஒரு துர்கா பூஜை சமயம், அவருக்கு இடது காதுக்குக் கீழே கோலிக்குண்டு மாதிரி ஒரு வீக்கம் வந்தது. வலி இல்லை. பொன்னுக்கு வீங்கிதான் என்று அவரே முடிவு கட்டினார். அதற்கு நம் ஊர் வைத்தியம்தான் தெரியுமே, கழுத்தில் தங்கச் சங்கிலி. ஹவுரா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த தன் அக்காவிடம் இரட்டை வடச் சங்கிலியை வாங்கி மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனார். கீழ்வீட்டு வங்காளி மாஷிமா வாயெல்லாம் பல்லாக, "பியே கொபே?" என்று கல்யாணத் தேதி விசாரித்தார்.

கிறிஸ்துமஸ் கேக் வந்தும் வீக்கம் போகவில்லை.

"அண்ணே, பொன்னுக்கு வீங்கின்னா எப்பவோ வத்திருக்கும். இது வேற. டாக்டர்ட்ட போவோம்."

"சங்கிலி கனம் பத்தலையோ?"

ஆபீஸ் டாக்டர் தடவிப் பார்த்து, எச்சில் சுரப்பியில் கட்டி, சிறப்பு மருத்துவரைப் பாருங்கள் என்றார். அவ்வளவுதான், வீடு நாடகக் கொட்டகை ஆகிவிட்டது. நான் டாக்டர். மாஷிமா நர்ஸ். "நெக்ஸ்ட்!" என்று கத்துவது மட்டும்தான் அவர் வேலை, அதை ரசித்துச் செய்தார்.

"வலி இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"வளருதா?"

"கொஞ்சமா."

"முகம் மரத்துப்போகுதா? கண்ணை இறுக்கி மூட முடியுதா?"

மூடிக் காட்டுவார். சாப்பிடும் பிரஷர் மாத்திரையை அட்டையோடு நீட்டுவார். ஆனால், "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றதும் வசனம் மறந்துபோகும். தழும்பு தெரியுமா, மீன் சாப்பிடலாமா என்று சுற்றிச் சுற்றி வருவார். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவே மாட்டார். பயந்துபோயிருந்தார். நானும்தான்.

நிஜ டாக்டர் முன்னால் அண்ணன் பிரமாதப்படுத்தினார். சொல்வதற்கு முன்பே கண்ணை மூடினார். சங்கிலியைப் பற்றிக் கேட்டபோது மட்டும் நெளிந்தார். கடைசியில் டாக்டர், ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"கேன்சரா டாக்டர்?" என்று நான்தான் கேட்டேன்.

இந்த இடத்தில் வரும் கட்டி பெரும்பாலும் சாதுதான், ஆனால் ஊசி குத்திச் சோதிக்காமல், ஸ்கேனும் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார் அவர்.

ஸ்கேன் அறைக்குள் நகை கூடாது. அண்ணன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். "பாக்கெட்ல வேணாம்டா. கழுத்துலயே இருக்கட்டும்." இதையெல்லாம் கேலி செய்கிற நான், மறுபேச்சில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

சாதுக் கட்டிதான். அறுத்து எடுத்தார்கள். முக நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் வாய் கொஞ்ச நாள் ஒரு பக்கம் கோணலாம், பிறகு சரியாகிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னை எதிரே உட்காரவைத்துச் சிரிக்க ஒத்திகை பார்த்தார்.

"எப்பிடிடா இருக்கு?"

கோணல்தான். "இன்னொரு தடவ சிரிங்கண்ணே" என்றேன். எத்தனை தடவை பார்த்தும் எனக்குப் போதவில்லை.