பால்வீதியில் மாமனார்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணமாகி மூன்றே மாதத்தில், கீழ்வேளூர்ப் பக்கம் உள்ள என் புகுந்த வீட்டாருக்கு, யாரும் கேட்காமலே ஒரு பால்வீதியைத் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

அப்போது அங்கே புது வீடு கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. கூடத்துப் பெரிய சுவரில் என்ன மாட்டுவது என்று பேச்சு வந்தது. மாமனார் நாகூரில் ஒரு கடையில் அருவிப் படம் பார்த்து வைத்திருந்தார். சுவிட்ச் போட்டால் தண்ணீர் ஓடுமாம். (பறவை கத்துவது தனி.) எனக்குப் பகீரென்றது. அதெல்லாம் வேண்டாம் மாமா, நம் வயலுக்கு மேலே நட்சத்திரக் கூட்டம் தெரிகிற மாதிரி நானே போட்டோ எடுத்துத் தருகிறேன் என்றேன். என் கணவர் செந்தில் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். நான் நிறுத்துகிற ஜாதியா? திருப்பூரில் மாடி வீட்டில் வளர்ந்து, வயலையும் வானத்தையும் செல்போனில் பார்த்தே நிபுணியானவள். மாமனார் நெகிழ்ந்துபோய், சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வரைக்கும் தகவல் சொல்லிவிட்டார். இனி எடுத்தே தீர வேண்டும்.

என் கணக்கு என்னவோ சரிதான். உழுது சேறாக்கி, பரம்புப் பலகையால் மட்டமாக்கித் தண்ணீர் கட்டிய வயல், நாற்று நடும்வரை கண்ணாடி மாதிரி கிடக்கும். மேலே இருக்கிற நட்சத்திரம் கீழேயும் தெரியும். கூடவே அமாவாசை இருட்டு வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைந்தது ஆனி மாதத்தில் ஒரே ஓர் இரவு. அதை விட்டால் நடவு, அப்புறம் கிரகப்பிரவேசம், அப்புறம் ஆயுசுக்கும் அருவி.

அமாவாசை ராத்திரியில் வயலுக்குப் போகிறேன் என்றதும் மாமியார் என் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். அது போதாதென்று தோன்றியதோ என்னவோ, புடவையைச் செருகிக்கொண்டு தானும் கிளம்பிவிட்டார். மாமனாரை மட்டும் மத்தியானத்திலிருந்தே காணவில்லை.

செந்தில் எங்களைக் காரில் அழைத்துப் போனார். தூரத்தில் ஒரே ஜெகஜோதியாக இருந்தது. யார் வீட்டு விசேஷமோ என்றார் மாமியார். பக்கத்தில் போனால், எங்கள் வயல்! வரப்பு முழுக்கச் சவுக்குக் கம்பு நட்டு, கம்புக்குக் கம்பு டியூப் லைட். ஜெனரேட்டர் ஒன்று அலறிக்கொண்டிருந்தது. நடுவில் வெள்ளை வேட்டியில் மாமனார், மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பவர் போல நின்றிருந்தார்.

"ஏம்மா, பகல்ல எடுக்குற போட்டோவுக்கே ஸ்டூடியோக்காரன் அத்தனை லைட்டு போடுறான். நீ ராத்திரியில எடுக்குற. சும்மா விட முடியுமா?" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. 'மாமா' என்று வாயைத் திறந்தேன். ஒரு பூச்சி உள்ளே போய்விட்டது. தாலுகாவிலிருந்த பூச்சியெல்லாம் அங்கேதான் முகாம். நான் இருமி முடிப்பதற்குள் அவர் செம்பில் தண்ணீரோடு நின்றார். அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது? வெளிச்சம் இருந்தால் நட்சத்திரம் தெரியாது மாமா என்று மட்டும் சொன்னேன். அண்ணாந்து பார்த்தார். அட ஆமாம், ஒன்றையும் காணோமே என்று திகைத்து, உடனே எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார்.

இருட்டு வந்தது. கண் பழகப் பழக வானம் நட்சத்திரமாய்க் கொட்டத் தொடங்கியது. கீழே தண்ணீரிலும் அப்படியே. "இம்புட்டும் இங்கதான் இருந்துச்சா?" என்று மாமியார் மெதுவாகக் கேட்டார். நான் சந்தோஷமாகக் கேமராவை ஸ்டாண்டில் மாட்டினேன்.

அதோடு எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். விதி யாரை விட்டது? ஒரு பெண் வரப்பில் நின்று அண்டத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் படத்தில் இருந்தால் அழகாக இருக்குமே என்று தோன்றியது. (அந்தப் பெண் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.) யாரும் அசையக்கூடாது, தீக்குச்சிகூடக் கிழிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டு, கேமராவில் டைமரை வைத்துவிட்டு வரப்பில் ஓடினேன். நின்றேன். அண்ணாந்தேன். கால் வழுக்கி, தொடை வரை சேற்றில் இறங்கிவிட்டேன்.

"ஐயோ" என்று ஒரே ஒரு சத்தம்தான் போட்டேன். மாமனார் டார்ச்சை அடித்துக்கொண்டு வரப்பில் ஓடிவந்தார். கேமரா கண்ணைத் திறந்துவிட்டது; அரை நிமிடம் மூடாது, அதுவரை ஓடுகிற வெளிச்சமெல்லாம் கோடாகப் பதியும். "டார்ச்சை அணைங்க மாமா" என்று கத்தினேன். மருமகள் மூழ்குகிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடிவந்தார். என்னைத் தூக்கி வெளியே போடுவதற்குள் மேகம் வந்து வானத்தை மூடிவிட்டது. அப்புறம் விடியும்வரை விலகவில்லை.

ஆக, கையில் இருந்தது ஒரே படம். கேமராத் திரையில் பார்த்தால், பால்வீதிக்குக் கீழே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நெளிநெளியாய் ஒரு வெளிச்சக் கோடு. இது நீங்கள்தான் மாமா என்று அழாத குறையாகக் காட்டினேன். நானா என்று கேட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார்.

ஒரு வாரம் லேப்டாப்போடு மல்லுக்கட்டினேன். படத்தில் புள்ளி புள்ளியாக இருந்த மாசைக் குறைத்தேன், வானத்தின் நிறத்தைத் தூக்கலாக்கினேன். வானிலும் தண்ணீரிலும் இருந்த கோட்டை அணு அணுவாக அழித்தேன். சேற்றிலிருந்த என்னையும் அழித்தேன். கடைசியில் வந்தது பாருங்கள், அப்படி ஒரு சுத்தமான படம்! பெருமையாக மாமனாரிடம் நீட்டினேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தேடினார்.

"நல்லா இருக்கு. நான் எங்கம்மா?" என்றார்.

அப்புறம் என்ன, கோடு போட்ட படத்தையே பெரிதாக அச்சடித்து மாட்டினோம். இன்றும் எங்கள் வீட்டில் உதவி செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால், "டார்ச்சை எடுக்காதீங்க" என்போம். வருகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து வால்நட்சத்திரமா என்று கேட்பார்கள். இல்லை, நான்தான் என்று மாமனார் அடக்கமாகச் சொல்லிக்கொள்வார். மாமியார் அதோடு விடுவதில்லை. விரலை நீட்டி முழுதாக விளக்குவார்:

"மேல தெரியுறது வானம். குறுக்க ஓடுறது அவரு. அந்தா, நடவுக்கு முன்னாடியே சேத்துல ஒத்தையா முளைச்சு நிக்குதே, அது எங்க மருமக."