கால் ஊன்றிய இடத்துச் சாமி

மைசூரில் வாழ்பவர் அனைவரும் சாமுண்டி மலையை வணங்குவார்கள். அதனோடு சண்டை பிடித்தவர், நான் அறிந்த வரையில், ஒருவர்தான். எங்கள் விஜயநகர் தெருவில் அவருக்குக் குங்கும சார் என்று பெயர். இயற்பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் கூரியர்க்காரர்கள் தெருவை இரண்டு முறை சுற்றிவிட்டுத் திரும்பிப் போனதுண்டு.

கொள்ளேகால் பக்கத்தவர்; நானும் அப்படியே. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற மறு வாரமே, கியர் இல்லாத பழைய மிதிவண்டி ஒன்றைத் துடைத்து எடுத்தார். அடிவாரத்திலிருந்து கோவில் வரைக்கும் ஒரு முறைகூடக் காலைத் தரையில் ஊன்றாமல் மலைச்சாலையில் ஏறிவிட வேண்டும் என்பது அவருடைய சபதம்.

அந்நாளில் மண்டி மொஹல்லாவில் நான் பூசைச் சாமான் கடை வைத்திருந்தேன். சனிக்கிழமைதோறும் வந்து, மறுநாள் ஏற்றத்துக்காக ஒரு குங்குமப் பொட்டலம் வாங்குவார். மலைப்படிகளில் ஏறும் பெண்கள் படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் இடுவது வழக்கம். இவரோ, மூச்சு முட்டிக் கால் ஊன்றிய இடத்திலெல்லாம் சாலையோரக் கல்லுக்கு ஒரு பொட்டு வைத்தார்.

"ஏனுங்க சார், தோத்த எடத்துக்கு எதுக்குங்க பொட்டு?" என்று கேட்டேன்.

"அவங்க ஏறுன படிக்கு வெக்கறாங்க. நான் நின்ன எடத்துக்கு வெக்கறனுங்கண்ணா. என்னைத் தாங்குனது அதுதானுங்களே. பொட்டலத்தப் பிரிக்காம மேல போய்ச் சேர்ற அன்னிக்கு, முழுசா அம்மனுக்கு."

முதல் வாரம் பாதி மலையிலேயே பொட்டலம் தீர்ந்துபோயிற்று.

பழி வண்டியின் எடைமீது விழுந்தது. முதலில் கேரியரைக் கழற்றினார். பிறகு மட்கார்டு, ஸ்டாண்டு. "மலைல யாருக்குங்க மணி அடிக்கப் போறேன்?" என்று சொல்லி மணியையும் கழற்றினார். ஒருநாள் மூக்குக் கண்ணாடியையும் கழற்றிவிட்டுச் சென்றவர், வளைவில் நின்றிருந்த பசுமாட்டுக்கு வணக்கம் கூறி, மகனுக்குப் பெண் அமைந்துவிட்டதா என்று விசாரித்ததாகப் பேச்சு. மாடு பதில் சொல்லாததில் அவருக்கு வருத்தமும் உண்டாம்.

ஆயினும் பொட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. இறுதியில் எஞ்சியது, உச்சிக்குச் சற்றுக் கீழே, செங்குத்தான வளைவில் இருந்த ஒரு பாறை மட்டுமே. ஞாயிறு தவறாமல் அவரை அங்கே நிறுத்திப் பொட்டு வாங்கிக்கொண்டது அது. பாறை சிவந்தது. யாரோ ஒருவர் பூ வைத்தார். வேறொருவர் எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு ஒரு பூக்காரி கூடையோடு வந்து அமர்ந்தாள். டாக்சிகள் நின்றன. தேங்காய்கள் உடைந்தன.

"உங்க தோல்விக்குத் தேங்கா ஒடைக்கறாங்க சார். உண்மையச் சொல்லிப்போடலாமுங்களே" என்றேன்.

"அந்தப் பூக்காரம்மா பொழப்பு போயிருமுங்க" என்றார். "நாளைக்கு நான் நிக்காமப் போயிட்டாலும் அந்தச் சாமி அங்கயே இருக்கட்டுமுங்க."

இந்நிலையில் முழங்கால்கள் தேய்ந்தன. பெங்களூரிலிருந்து மகள் வந்து அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டாள். அதன்பின் மலைப்பக்கம் மிதிவண்டி கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. சபதத்துக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்று நான் ஸ்கூட்டரில் சாட்சியாகப் பின்தொடர்ந்தேன். மனிதர் ஏறினார். கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு மிதிக்கும் உடல் முழுவதையும் கொடுத்து ஏறினார். பொட்டலம் சட்டைப்பையில் பிரியாமல் இருந்தது. அந்த வளைவிலும் வேகம் குறையவில்லை. இன்று வென்றுவிடுவார் என்றே நினைத்தேன்.

வளைவு திரும்பினால், சாலைக்குக் குறுக்கே மாலை போட்ட புதுக் கார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள். சுற்றிலும் ஒரு குடும்பம். எல்லோரும் பாறையைப் பார்த்துக் கண்மூடி நின்றிருந்தார்கள். சாரிடம் மணி இல்லை. வழி விடச் சொல்ல வாய் திறந்தார்; 'வ' மட்டும் வந்தது. நான் பதறிப்போய் ஹாரனை அழுத்தினேன். அவர்கள் அதைச் சாமிக்கு அடித்த ஹாரன் என்று கருதி, அன்போடு நகர்ந்து, பாறைக்கு எதிரே எனக்கு இடம் தந்தார்கள். புதுக் காரும் பதிலுக்கு ஹாரன் அடித்தது.

சாரின் கால் தரையில் ஊன்றியது.

"கை முகீரி சார், ஸ்வயம்பு" என்றாள் பூக்காரி. தானாகத் தோன்றிய சாமி, கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சிபாரிசு.

மூச்சு அடங்கும்வரை அவர் அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, வரிசையில் நின்று, ஒரு பொட்டு வைத்துக் கைகூப்பினார். மீதியை என்னிடம் நீட்டினார். "வெச்சுக்கங்கண்ணா. இனி எனக்கு எதுக்குங்க." வண்டியைத் திருப்பி, ஏறி அமராமல், தள்ளிக்கொண்டே இறங்கினார்.

அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மனிதர்தான் நாற்காலியை விட்டு எழவில்லை. "நடக்கோணும்னு டாக்டர் கத்தறாருங்கண்ணா. மலையேறுன மனுசன் வாசப்படி எறங்க மாட்டேங்கறாரு" என்று அவர் மனைவி என்னிடம் வந்து கண்கலங்கினார்.

ஒருவழியாகக் கைத்தடியோடு தெருவில் இறக்கினோம். முதல் மின்கம்பம் வரை வந்தார், அதைப் பிடித்துக்கொண்டு நின்றார், திரும்பிவிட்டார். மறுநாளும் அதே கம்பம். அதற்கு மறுநாளும் அதே.

ஒரு காலையில் கம்பத்தில், அவர் கை பிடிக்கும் உயரத்தில், ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

"யாருங்க வெச்சது?"

"தெரியலீங்க சார். ஸ்வயம்புவாட்ட இருக்குதுங்க."

பொட்டைப் பார்த்தார். சிவந்திருந்த என் விரலையும் பார்த்தார். கம்பத்திலிருந்து கையை எடுத்து, தடியை முன்னால் ஊன்றி, அடுத்த கம்பத்தை நோக்கி நடக்கலானார்.

எங்கள் தெரு நீளமானது. பொட்டலத்தில் குங்குமம் இன்னும் நிறைய இருக்கிறது.