இருபது லிட்டர் கடல்

சான் பெத்ரோ தே திக்கினா,
மார்ச் 17, திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மூத்த அண்ணன் கசிமிரோ லிமாச்சி அவர்கள் சமூகத்துக்கு, தம்பி செவெரோ பணிந்து எழுதிக்கொள்வது.

கோபகபானா மாதாவின் தயவால் இங்கே நானும் எலோடியாவும் ஆறு ஆடுகளும் சுகம். என் மானம் ஒன்றுதான் நேற்று மத்தியானத்திலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. ஆற்றோரத் திரினிதாதில் உங்கள் மூட்டுவலியும் கொசுவும் எப்படி என்று தெரிவிக்கவும். அண்ணிக்கு என் வணக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த உடனே நீங்கள் பஸ் ஏறி, சனிக்கிழமைக்குள் இங்கே வந்து சேர வேண்டும். வந்து அதிகம் பேச வேண்டாம். நடு வீட்டில் நின்று, "கூடாது" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமோரே ஆற்றில் வெள்ளம் வந்தபோது, "மாட்டை முதல்ல ஏத்துங்க, மாமியாருக்கு நீச்சல் தெரியும்" என்று சொன்ன பண்ணைக்காரனை, உங்கள் ஆஸ்பத்திரிப் படகின் முனையில் நின்றபடி ஒரே வார்த்தையில் அடக்கினீர்களே, அந்தக் குரலில் சொல்ல வேண்டும். போனில் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் சமையலறையில்தான் சிக்னல் கிடைக்கிறது, அங்கே எலோடியா இருக்கிறாள், எலோடியா எதிர்க்கட்சியில் இருக்கிறாள். ஆகவேதான் கடிதத்தைப் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நம் ஓய்வுபெற்ற கடற்படையினர் சங்கத்தில் பன்னிரண்டு பேர் என்பது உங்களுக்குத் தெரியும். பறிகொடுத்த கடலை நினைத்து ஊர்வலம் போகும் கடல் தினத்தன்று கொடி பிடிப்பது வருஷத்துக்கு ஒருவர், முறை வைத்து. பதினோரு வருஷம் மற்றவர்கள் பிடித்த கொடிக்குப் பின்னால் நடந்தேன். போன வருஷம் பிடித்த இலாரியோ அதைத் தலைகீழாகப் பிடித்தான், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இந்த வருஷம் என் முறை. இதை விட்டால் அடுத்த முறை வரும்போது எனக்கு எழுபத்தொன்பது வயது, கொடி என்னைப் பிடிக்க வேண்டியிருக்கும். இப்படி வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைக்க வந்து சேர்ந்தாள் உங்கள் அருமை மகள் லிசெத். நல்லது செய்தால் என் மகள், வம்பு செய்தால் உங்கள் மகள் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். இது அந்த இரண்டாவது வகை.

அவள் அரிக்கா துறைமுகத்தில் நம் நாட்டுச் சரக்குக்குச் சீட்டுப் பார்க்கும் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் வந்தவள், "அப்பா, ஒருத்தர விரும்புறேன். உங்க தொழில்தான் அவருக்கும், கடற்படை" என்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எந்த முகாம்? ஏரிப் படையா, ஆத்துப் படையா?" என்று கேட்டேன். "கடல்" என்றாள். கடல் வைத்திருக்கிற கடற்படை நம்மிடம் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன், யோசித்த உடனே நாற்காலியைத் தேடினேன். பெயர் நிபால்தோ அஸ்துதியோ. சிலிக்காரன். ரோந்துப் படகில் சமையல்காரன். 1879 போரில் நம் கடற்கரை முழுவதையும் கொண்டுபோனவர்கள், மிச்சம் இருந்தது என் பெண் ஒருத்திதான் என்று அவளையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

"கூடாது" என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். வாயை அதற்காகத்தான் திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், என் வாய் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டது. நான் ஏரியில் பெரூக் கடத்தல்காரர்களைத் துரத்தியவன் அண்ணா. இவளிடம் மட்டும் என் சங்கு ஊதுவதில்லை.

நேற்று அவனை அழைத்து வந்தாள். நேற்றே அணிவகுப்பு ஒத்திகை முடிந்து சங்கத்தார் பதினோரு பேருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு, கொடி பிடிப்பவன் போடும் வழக்கமான விருந்து. இரண்டும் ஒரே நாளில் வந்தது என் ஜாதகம். ஏரியின் அக்கரையிலிருந்து படகில் வரும்போது காற்று கொஞ்சம் வீசியிருக்கிறது. பையனுக்கு நம் மலையின் உயரமும் ஒத்துக்கொள்ளவில்லை. கால் மணி நேரப் பயணம்தான், மூன்று தடவை வாந்தி எடுத்துவிட்டான். கரையில் நின்று என் கண்ணாலேயே பார்த்தேன். நம் தண்ணீரில் சிலி கடற்படை தோற்றது, ஒரு குண்டு செலவில்லாமல். அந்த ஐந்து நிமிஷம் நான் இருந்த சந்தோஷத்துக்கு அவனை மன்னித்தே விட்டிருப்பேன். அவன் கையில் ஒரு பெரிய நீலப் பிளாஸ்டிக் கேன் இருந்தது. ஊர்த் தண்ணீரை நம்பாமல் சொந்தத் தண்ணீர் தூக்கி வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சமையலறை மூலையில் வைத்தான்.

கோக்கா இலைக் கஷாயம் கொடுத்து உட்கார வைத்தோம். நிறம் திரும்பியதும், "மாமா, இங்க நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டான். குத்தலோ என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை, நிஜமாகவே கேட்டான். நானும் சொன்னேன். தெப்பத்திலிருந்து நழுவிய பஸ்ஸை ஏரியிலிருந்து இழுத்தது, மூழ்கின வலைக்காரர்களைத் தேடியது, தீவுப் பள்ளிக்கூடங்களுக்கு வாத்தியார்களைக் கொண்டுபோய் விட்டது, ஒரு கல்யாணப் பெண்ணின் கட்டிலை அலையிலிருந்து மீட்டது, தினமும் காலையில் கொடியேற்றி, "கடல் நம் உரிமை, மீட்பது நம் கடமை" என்று முப்பத்திரண்டு வருஷம் கத்தியது. அவன் கஷாயத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஒன்பது வருஷமா உருளைக்கிழங்குதான் மாமா உரிக்கிறேன். நீங்கதான் கடற்படை" என்றான். பேசத் தெரிந்த பயல்.

சங்கத்தார் வரும் நேரம் ஆயிற்று. நான் அவனைத் தனியே கூப்பிட்டு, "நீ நம்ம நாட்டுத் தரிஹா ஊர்ப் பையன். தொண்டை கட்டியிருக்கு. வாயத் திறக்காத, தலைய மட்டும் ஆட்டு" என்றேன். அவன் அப்போதே ஆட்டிக் காட்டினான். பொய் சொன்னது பாவம்தான், ஆனால் கொடிக்காகச் சொன்னேன், மாதா கணக்கில் வைக்கமாட்டாள்.

எலோடியா ஆட்டு உப்புக்கண்டமும் கறுத்த கிழங்கு வற்றலும் போட்டு சூப் வைத்திருந்தாள். அவள் ருசி பார்த்துச் சமைக்கிறவள் இல்லை, அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவள் என்பது உங்களுக்கே தெரியும். எல்லாரும் உட்கார்ந்தோம். தலைவர் கேப்டன் அபுந்தியோ குவிஸ்பெர்ட் ஜெபம் சொல்லி முதல் கரண்டியை வாயில் வைத்தார். வைத்தவர் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் சுவரில் இருந்த மாதா படத்தையே பார்த்தார். அடுத்து இலாரியோ. வரிசையாகப் பதினோரு பேரும் மாதாவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். என் வாயில் வைத்தேன். அண்ணா, உயுனி உப்புப் பாலைவனத்தையே ஒரு கரண்டியில் அள்ளி வைத்த மாதிரி. எலோடியா வாசலில் நின்று எல்லார் முகத்தையும் பார்க்கிறாள், அவள் முகம் சுருங்குகிறது. நாற்பது வருஷத்தில் அவள் சமையலை யாரும் மிச்சம் வைத்ததில்லை.

அப்போது அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? சமையல்காரன் இல்லையா, முதல் வாயிலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கேனை வைத்திருந்த மூலையை ஒரு பார்வை பார்த்தான். பிறகு குனிந்து கிண்ணத்தைச் சுத்தமாகக் காலி செய்தான். காலி செய்து, எலோடியாவிடம் நீட்டி, "ரொம்ப நல்லாருக்கு அத்தை, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றான்.

அந்த ஒரு பேச்சின் இழுப்பில் சிலி முழுவதும் இருந்தது. குவிஸ்பெர்ட் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

பையன் என்னைப் பார்த்தான். நான் சூப்பைப் பார்த்தேன். லிசெத் எழுந்து நின்று, "அரிக்கா. சிலி கடற்படையில சமையல்காரர். நான் கட்டிக்கப் போறவர். அம்மா, மூலையில இருந்த கேன் எங்க?" என்றாள்.

"குழாயில தண்ணி நின்னு போச்சு. பாதிப் பானைக்கு மேல அதத்தான் ஊத்தினேன். ஏன், நல்ல தண்ணிதான?"

"அது கடல்மா" என்றாள் லிசெத். "அப்பாவுக்கு என்ன கொண்டுவரட்டும்னு இவர் கேட்டாரு. எங்கப்பா எதையும் கேக்க மாட்டாரு, கடலத் தவிரன்னு விளையாட்டாச் சொன்னேன். சாப்பாடு முடிஞ்சதும் குடுக்கணும்னு அதத் தூக்கிட்டு மலையேறி வந்திருக்காரு."

நூற்று நாற்பது வருஷத்துக்கும் மேல் நாம் கேட்டுக்கொண்டிருந்த கடல் ஒரு வழியாகத் திக்கினாவுக்கு வந்து சேர்ந்தது, அதில் நாங்கள் கிழங்கு வேகவைத்துவிட்டோம். குவிஸ்பெர்ட் மெதுவாக எழுந்து தொப்பியைக் கழற்றினார். அடிக்கப் போகிறார் என்று நான் குறுக்கே போனேன். அவர் என்னை ஒதுக்கிவிட்டு, "மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

கேனின் அடியில் நாலு விரல்கடை இருந்தது. அதற்கு அப்புறம் நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. பன்னிரண்டு பேர் முந்நூற்றுச் சொச்சம் வருஷம் கடற்படையில் இருந்தோம், ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. பார்த்தது நம் வட்டாரத்திலேயே நீங்கள் ஒருவர்தான், எண்பத்தொன்றில் பயிற்சிக்குப் பெரூ போனபோது. ஒவ்வொருவராக விரலை விட்டு நாக்கில் வைத்தார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். இலாரியோ மனைவியின் முட்டிவலிக்கு ஒரு பாட்டில் கேட்டான். குவிஸ்பெர்ட் மூக்கைச் சிந்திவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மறுபடியும் தலைவராகிவிட்டார். "லிமாச்சி, பையன் தங்கமானவன், அது வேற. சிலிக்காரன் மாமனார் கையில கடல் தினக் கொடியக் குடுத்தா ஊர் சிரிக்கும். கொடி வேணுமா, மருமகன் வேணுமா, சனிக்கிழமைக்குள்ள சொல்லு" என்று சொல்லிவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவேதான் அண்ணா, வந்து "கூடாது" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் லிசெத் உங்கள்மேல் கோபப்படுவாள், என்மேல் கோபப்படமாட்டாள். எனக்கு என் கொடியும் வேண்டும், மகள் என்னிடம் முன்போலப் பேசவும் வேண்டும். இது நியாயமா என்று கேட்காதீர்கள், நியாயம் இருந்தால் நானே சொல்லியிருக்கமாட்டேனா.

அண்ணிக்கும், தேடிப்போய்ச் சண்டை போடும் உங்கள் சேவலுக்கும் என் அன்பைச் சொல்லவும். உங்கள் முட்டியை மாதா காப்பாளாக.

கீழ்ப்படிந்த தம்பி,
செவெரோ லிமாச்சி,
ஓய்வுபெற்ற முதல்நிலை சார்ஜென்ட், ஏரிப் படை.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் குவிஸ்பெர்ட்டே வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் சங்கம் கூடியதாம், என்னை விட்டுவிட்டு. "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்னு சொல்றாங்க. இவன் வெறும் உப்பா போட்டான், கடலையே போட்டிருக்கான்" என்று யாரோ சொல்ல, ஏழுக்கு நாலு என்று தீர்மானம் ஆகிவிட்டது. மீட்பது நம் கடமை, இருபது லிட்டராக மீட்டாலும் மீட்புதான், ஆகவே பையன் வரும்போதெல்லாம் ஒரு கேன் கொண்டுவர வேண்டியது, கொடி எனக்கு. கல்யாணம் இங்கே கூடாது, அரிக்காவில் கடற்கரையில்தான் நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதினோரு பேரும் ஆளுக்கொரு செலவை ஏற்கும் ஞானத்தகப்பன்களாக வருகிறார்கள், மோதிரத்துக்கு ஒருவர், கேக்குக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர் என்று இப்போதே சண்டை. பீர் உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறது.

இன்னொன்று. நேற்று எல்லாரும் போன பிறகு கேனைச் சாய்த்து, நானும் ஒரு விரல் வைத்துப் பார்த்தேன். என்னுடையது, என்னுடையது என்று முப்பத்திரண்டு வருஷம் கத்தியிருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்றே தெரியாமல். அழுதுவிட்டேன். எலோடியாவிடம் சொல்ல வேண்டாம், வெங்காயம் என்று சொல்லியிருக்கிறேன்.

கடல் நீலமாக இருக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். கேனில் அதற்கு நிறமே இல்லை. உங்கள்மேல் சந்தேகம் இல்லை, கல்யாணத்துக்கு வந்து, அரிக்கா கரையில் என் பக்கத்தில் நின்று காட்டிவிடுங்கள். ஆகவே "கூடாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.