பனங்கட்டி தின்ற தேனீக்கள்

தன்னிடம் இருந்த ஒரே நல்ல குளிர்ச்சட்டையை ஒரு மரப்பெட்டிக்குப் போர்த்திவிட்டு, கொட்டும் பனியில் வெறும் ஸ்வெட்டரோடு நின்று நடுங்கிய மனிதர் உலகத்திலேயே பூச்சியண்ணை ஒருவர்தான். இதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சத்தியம் செய்து சொல்வேன்.

டொரன்டோவின் கிழக்கு மூலையில், ரூஜ் என்ற இடத்தில், அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் நான் வாடகைக்கு இருந்தேன். மதுரையிலிருந்து போய் மிசிசாகாவில் கம்ப்யூட்டர் வேலை. அவர் கிளிநொச்சிக்காரர். பகலில் ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்குவார், மீதி நேரமெல்லாம் தேனீ. அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் பூச்சியண்ணை. சொந்தப் பெயரை அவர் மனைவி பவானியக்காவே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

தேனீக்கள் வீட்டில் இல்லை. வடக்கே ஸ்டௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பண்ணையின் வேலியோரம் இரண்டு பெட்டிகளில் இருந்தன. பூச்சியண்ணைக்குக் கார் ஓட்ட வராது. நான்கு முறை லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போய், நான்கு முறையும் பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரிக்கு ராணித் தேனீயின் பெருமைகளை விளக்கியபடியே சிவப்பு விளக்கைத் தாண்டியவர். ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஆசையாக வாங்கிய புது வெள்ளைக் கார்தான் அவருக்கு வாகனம், நான்தான் டிரைவர்.

போனதும் பனியில் மண்டியிட்டுப் பெட்டியில் காதை வைப்பார்.

"உஷ்! மூச்சு விடாதையும் பிள்ளை."

"அண்ணே, எனக்குக் கால் விறைச்சுப் போச்சுண்ணே."

"ஓம், அவைக்கும் விறைக்கும். ஆனா பாரும், ஒருத்தரையொருத்தர் நெருக்கிப் பிடிச்சு, நடுவில ராணியை வைச்சுச் சூடு குடுக்கினம். ம்ம்ம் எண்டு ஒரு சத்தம். கேக்குதே?"

எனக்கு என் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்தான் கேட்டது.

அது இலங்கையில் யுத்தம் முடிந்த வருடம். அவருடைய பெரியக்கா வன்னியில் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார். ஜனவரிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மாடியில் எந்நேரமும் டிவி ஓடும். போன் அடித்தால் கீழே நானும் எழுந்து நிற்பேன். ஒருநாள் பவானியக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். உந்தப் பூச்சியள் குளிரைத் தாண்டினா பெரியக்காவும் தாண்டுவா எண்டு இந்த மனுசன் நினைச்சு வைச்சிருக்குது."

அன்றிலிருந்து நானும் பெட்டியில் காதை வைக்க ஆரம்பித்தேன். படித்த இன்ஜினீயரிங் எல்லாம் எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை.

பிப்ரவரியில் ஒரு பெட்டியின் சத்தம் அடங்கிவிட்டது. மிச்சம் ஒன்றுதான்; குளிர்ச்சட்டை போர்த்தியது அதற்குத்தான். பதறிப்போன மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தேனீக்களுக்குப் பசி என்று தாமாகவே முடிவு கட்டி, ஃப்ரிட்ஜின் பின்மூலையில் மூன்று வருடமாக யாரையும் தொடவிடாமல் காத்துவந்த பனங்கட்டியை எடுத்து வந்தார். பனங்கட்டி என்றால் நம்மூர்க் கருப்பட்டி. பெரியக்கா அனுப்பியது.

"அண்ணே, வெள்ளைச் சீனிதான் கொடுக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கே?"

"உது வெள்ளைக்காரன்ர புத்தகம். பனங்கட்டியைப் பற்றி அவனுக்கென்ன தெரியும்? தேத்தண்ணியோட ஒருக்காக் கடிச்சுப் பாத்தா எல்லோ தெரியும்!"

மார்ச்சில் முதல் வெயில் அடித்த ஞாயிறு. தேனீ சுத்தக்காரப் பிராணி. குளிர்காலம் முழுக்க வயிற்றை அடக்கிக்கொண்டு கிடந்து, வெயில் வந்ததும் வெளியே பறந்துதான் இறக்கி வைக்கும். நாங்கள் போய் நின்றபோது பெட்டி வாசலில் ஒரே கூட்டம்!

"கக்கூசுக்கு வந்திருக்கினம் பிள்ளை! உயிரோட இருக்கினம்!"

அவர் குதித்தார். நானும் குதித்தேன். குதித்து முடித்துத் திரும்பினால் என் வெள்ளைக் காரைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு பழுப்புக் கார் நின்றது.

சத்தம் கேட்டு வந்த பண்ணைக்காரர் காரைப் பார்த்தார், பெட்டியின் முகப்பைப் பார்த்தார், என்ன தின்னக் கொடுத்தாய் என்று கேட்டார். பழுப்புச் சர்க்கரை எதுவும் குளிர்காலத் தேனீயின் வயிற்றுக்கு ஆகாதாம். வயிற்றோட்டம் முற்றினால் மொத்தக் கூட்டமும் செத்துவிடுமாம். பூச்சியண்ணை மூடிக்கடியில் வைத்திருந்த மிச்சப் பனங்கட்டியை விரலாலேயே வழித்தெடுத்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "என்ர கையாலயே குடுத்தனே" என்றார்.

ஏப்ரலும் போயிற்று. பெட்டி வாசலில் கொஞ்சம் தேனீக்கள் பறந்தன. ஆனால் ராணி பிழைத்ததா, முட்டை இடுகிறதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். ராணி இல்லையென்றால் இருக்கிறதும் வயதாகிச் செத்து, பெட்டி முடிந்துவிடும். வாராவாரம் காதை வைத்த மனிதர் இப்போது திறக்க மாட்டேன் என்றார். ஒரு வாரம் "குளிராக் கிடக்கு", அடுத்த வாரம் "காத்தடிக்குது", அதற்கடுத்த வாரம் "இண்டைக்கு நாள் சரியில்லை".

மே மாதம் யுத்தம் முடிந்துவிட்டது என்று டிவி சொன்னது. பெரியக்காவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பவானியக்கா வலைத்தொப்பியை எடுத்து வந்து அவர் தலையில் கவிழ்த்தார்.

"போய்த் திறந்து பாருங்கோ. என்னவெண்டாலும் தெரியட்டும்."

பண்ணை முழுக்க மஞ்சள் பூப் பூத்திருந்தது. அவர் மூடியைத் தூக்கினார். வலைக்குள் மூக்குக்கண்ணாடி வியர்த்துவிட்டதால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "நீர் பாரும், நீர் பாரும்" என்று ஒவ்வொரு தேனடைச் சட்டமாக உருவி என் மூக்கருகே நீட்டினார். முதல் சட்டம் காலி. இரண்டாவதும் காலி. மூன்றாவதில் கொஞ்சம் பழைய தேன். நான்காவதை வெயிலுக்கு நேரே பிடித்தால், அறைக்கு ஒன்றாக, ரவையைவிடப் பொடியாக, வெள்ளை வெளேரென்று!

"அண்ணே! முட்டைண்ணே! வரிசையா நிக்குது!"

"சும்மா சொல்லாதையும்!"

"மீனாட்சி மேல சத்தியமா!"

அவர் போட்ட கூச்சலில் பண்ணை நாய் ஓடிவந்தது. அதே நேரம் என் பையில் போன் அடித்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத குரலில் பவானியக்கா.

"அவரிட்டக் குடும் பிள்ளை! பெரியக்கா முகாமில இருந்து ஆரோ ஒராளின்ர போனில எடுத்திருக்கிறா. லைனைச் சேர்த்து விடுறன். ரெண்டு நிமிசம்தானாம்!"

வலையைத் தூக்கிப் போனைக் காதில் வைத்தார் பூச்சியண்ணை. மாதக்கணக்காகக் கேட்க நினைத்த கேள்விகள் எத்தனை இருந்திருக்கும்! கேட்கப் பயம். அத்தனையும் இருக்க, வாயில் வந்தது இதுதான்.

"பெரியக்கா, முட்டை போட்டிட்டுது!"

பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஆரடா முட்டை போட்டது? விசரா! உனக்கு எப்பதானடா புத்தி வரும்?"

இரண்டு நிமிடமும் அந்த அம்மா திட்டினார். தம்பி "ஓமக்கா, ஓமக்கா" என்றார். லைன் அறுந்தது.

"ஏசுறா பிள்ளை! என்னை ஏசுறா!" என்றபடி பூக்களுக்கு நடுவே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

பெட்டியும் திறந்து கிடக்கிறது, முகமும் திறந்து கிடக்கிறது, தேனீக்கள் சும்மா விடுமா? மூடியைப் போட்டு நான் அவரை இழுத்து வருவதற்குள் ஆசை தீரக் கொட்டிவிட்டன. வீடு வந்து சேர்வதற்குள் ஒரு கண் மூடிக்கொண்டது, மேலுதடு வீங்கித் தொங்கியது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. அந்த ஊரில் எத்தனையோ வருடம் இருந்தேன். அதைவிட அழகான முகத்தை நான் பார்க்கவில்லை.