படுக்கக் கூடாத கட்டில்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. 'காட்சிக்கு வைப்பவர்' என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் நன்றாகச் செய்யத் தெரிந்தவர். செய்ததை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு முழுநேர வேலை.

அரசு மருத்துவமனையில் சிகிச்சையின் தரத்தை உயர்த்த வந்த அதிகாரி இந்த வகையில் முதல் தரம். வந்த வாரமே பெண்கள் வார்டைச் சுற்றினார். கிழிந்த மெத்தை, செங்கல்லை முட்டுக் கொடுத்த கட்டில், எவ்வளவு அழுத்தினாலும் அடிக்காத அழைப்பு மணி, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோன நோயாளிகள் என்று எல்லாவற்றையும் பார்த்து உண்மையாகவே கண் கலங்கினார். கலங்கிய கையோடு காரியத்திலும் இறங்கினார். வாசலை ஒட்டிய ஒரு கட்டிலுக்குப் புது மெத்தை, பால் வெள்ளை விரிப்பு, தொட்டதும் கிணுகிணுக்கும் மணி எல்லாம் வந்தன.

"இதுதான் மாதிரி. இதப் பாத்து எல்லாக் கட்டிலும் மாறணும்" என்றார்.

மாறியதா? கட்டிலைப் பார்த்துக் கட்டில் திருந்துமா, சொல்லுங்கள்!

பார்க்க வந்த பெரியவர்கள் பாராட்டினார்கள், படம் எடுத்தார்கள். யாராவது படுத்தால் விரிப்பு கசங்குமே என்று அதிகாரி கட்டிலைச் சுற்றி நாடா கட்டினார். பக்கத்தில் ஒரே கட்டிலில் இரண்டு பேர் தலைமாடு கால்மாடாகப் படுத்திருக்க, இது மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றது. ஊழியர்கள் அவருக்கு 'மாதிரி சார்' என்று பெயர் வைத்தார்கள், அவர் காதுக்கு எட்டாமல்தான்.

ஒரு நாள் காலை அவருடைய மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தள்ளுவண்டியில் அதே வார்டுக்கு வந்து சேர்ந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். எங்கே படுப்பது? வார்டு நிரம்பி வழிந்தது.

"தரையில பாய் போட்டுடட்டுமா சார்?" என்றார் நர்ஸ், சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

அதிகாரி நாடா கட்டிய கட்டிலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடியும் கட்டிலைத்தான் பார்த்தார்.

"நாளைக்கு மேலிடத்துலேருந்து ஆய்வுக்கு வர்றாங்கம்மா..." என்று இழுத்தார்.

"ஏங்க, அது படுக்கிற கட்டிலா, பாக்குற கட்டிலா?" வலியிலும் மனைவியின் குரல் குறையவில்லை. "வர்றவங்க என்னையும் சேத்துப் பாத்துட்டுப் போகட்டும். முதல்ல அந்த நாடாவ அவுத்து விடுங்க!"

நாடா அவிழ்ந்தது. படுத்ததும் மனைவி தண்ணீருக்காக மணியை அழுத்தினார். நர்ஸ் ஓடி வந்தார். அதைப் பார்த்த பக்கத்துக் கட்டில்காரிக்கு வாயெல்லாம் பல்.

"அக்கா, எனக்கும் சேத்து ஒரு தடவ அடிச்சு விடுங்கக்கா."

அவ்வளவுதான். மருந்துக்கு, ஊசிக்கு, நின்றுபோன மின்விசிறிக்கு என்று மொத்த வார்டும் அந்த ஒற்றை மணியை நம்பிப் பிழைக்க ஆரம்பித்தது. "அக்கா... அக்கா..." என்று நாலாபுறமும் குரல். மனைவியால் கண்ணை மூட முடியவில்லை.

சாயங்காலம் மாதிரி சாரே எலக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டி வந்தார். "எல்லா மணியையும் இப்பவே சரி பண்ணுப்பா."

"நாளைக்கு ஆய்வு இருக்கே, அதுக்கா சார்?"

"ஆய்வு கிடக்குது. என் சம்சாரம் தூங்கணும்யா!"

வார்டெங்கும் மணிகள் கிணுகிணுத்தன. நோயாளிகளின் தொண்டைக்கு ஓய்வு கிடைத்தது. அவரோ, தூங்கும் மனைவியின் காலடியில் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியைப் பாருங்கள். விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த அழகான கோப்பைகள் அங்கே இருக்கும், விளிம்பு உடைந்த கோப்பை உங்கள் கையில் இருக்கும். அவற்றை வெளியே எடுக்க உங்கள் வீட்டில் யார் வழுக்கி விழ வேண்டும்?