ஓட்டுப்பெட்டி கேட்ட வடிகால்

தாம்பரத்துக்குத் தெற்கே பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாத ஒரே ஜீவன், நாங்கள் ‘ஓட்டுப்பெட்டி’ என்று பட்டப்பெயர் வைத்திருந்த மனிதர்தான். மறைமலை நகரில் ஷிப்டு வேலை. மற்ற நேரமெல்லாம், மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைவார். எதையும் ஓட்டுக்கு விட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். டீக்கடையில் பஜ்ஜியா போண்டாவா என்று அவர் ஓட்டெடுத்து முடிப்பதற்குள் எண்ணெய் கருகியது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் டப்பாவை நீட்டினார். “அத்த உள்ள வைய்யா, மானம் போவுது” என்று அவர் மனைவி பிடுங்கிக்கொண்டு போனார்.

சிரித்தோம். ஆனால் அந்த மனிதரின் அலைச்சலுக்குக் காரணம் தண்ணீர். எங்கள் நகர் பாதி மேடு, பாதி பள்ளம். மழை வந்தால் மேட்டுத் தண்ணீர் மொத்தமும் பள்ளத்துக்கு ஓடும். பள்ளத்தில் முதல் வீடு அவருடையது. மேட்டுத் தெருவிலேயே வடிகால் வெட்டித் திருப்பிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அதற்கு மேட்டு வீடுகளின் வாசலில் கார் ஏறுவதற்குப் போட்ட சிமென்ட் சரிவை இடிக்க வேண்டும். குடியிருப்போர் சங்கத் தலைவர் சம்மதித்தால்தான் அது நடக்கும்.

எங்கே சம்மதிப்பது? சங்கத் தேர்தலுக்கு முன்னால் மேட்டுக்காரர்கள் தனியாகக் கூடி ஓட்டுப் போட்டுத் தங்கள் வேட்பாளரை நிறுத்துவார்கள். பள்ளத்துக்காரர்கள் தனியாக. இரண்டு கூட்டத்திலும் எவர் அதிகம் கத்துகிறாரோ அவர்தான் வேட்பாளர். மேட்டில் வீடு அதிகம். அதனால் ‘சரிவில் கை வைத்தால் கையை ஒடிப்பேன்’ என்றவரே ஒவ்வொரு முறையும் ஜெயித்தார்.

நான் மேட்டில் குடியிருந்தேன். ஒருநாள் ஓட்டுப்பெட்டி என் வாசலில் நிலைகொள்ளாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே சொன்னார்:

“சார், ஆளப் பொறுக்குற எடத்துலயே மேட்டர் முடிஞ்சிபூடுது. உங்காளுங்க உங்களுக்குள்ளயே பேசிக்கினு ஆள நிறுத்துறாங்க. அவன் எங்க வூட்டுப் பக்கம் எதுக்கு வரப்போறான்?”

“அதுக்கு என்ன பண்ணணுங்கறீங்க?”

“மொத சுத்து பொதுவா வெக்கணும் சார். மேடு, பள்ளம், எல்லாரும் ஒரே டப்பால போடணும். மொத ரெண்டு எடத்துல வர்றவங்க மட்டும் கடைசி எலெக்‌ஷன்ல நிக்கட்டும்.”

வீடு வீடாக வந்து இதையே சொல்லி உயிரை வாங்கினார். தொல்லை விட்டால் போதும் என்று சங்கமும் ஒத்துக்கொண்டது.

அங்கேதான் வந்தது வினை. மேட்டிலிருந்து நின்றது இரண்டே பேர். ஒரு டீச்சர், ஒரு வீட்டுமனை வியாபாரி. பள்ளத்திலோ ஆளாளுக்கு ஆசை வந்து அரை டஜன் பேர் நின்றார்கள், ஓட்டுப்பெட்டி உட்பட. பள்ளத்து ஓட்டு சிதறிச் சின்னாபின்னமானது. கடைசிச் சுற்றுக்குப் போன இருவருமே மேட்டுக்காரர்கள்.

“யோவ், உன் டப்பாவுல தீய வெக்க. இருந்த ஒரு ஆளும் பூட்சா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் காறித் துப்பினார். ஓட்டுப்பெட்டி தன் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அடுத்த மழைக்கு வேறு அதிக நாள் இல்லை.

ஆனால் மேட்டு ஓட்டு இப்போது சரிபாதியாகப் பிளந்திருந்தது. பள்ளம் யாருக்குப் போடுகிறதோ அவர்தான் தலைவர். இது உறைத்ததும் வேட்பாளர்கள் இருவரும் விழுந்தடித்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். டீச்சர் முதல்முறையாக ஓட்டுப்பெட்டியின் வீட்டுக்குள் போனார். சுவரில் இடுப்பளவு தண்ணீர்க் கறை.

“இவ்வளவு உயரமா வந்துச்சு?”

“இது போன வருஷம் டீச்சர்,” என்றார் ஓட்டுப்பெட்டியின் மனைவி. “அதுக்கு முன்வருஷத்துது மேல கீது பாருங்க.”

வியாபாரி வாக்குறுதி கொடுத்தார். டீச்சர் மறுநாள் காலையிலேயே ஆள் வைத்துத் தன் வாசல் சரிவை இடித்துப் போட்டார். பள்ளத்து ஓட்டு மொத்தமும் அவருக்கே விழுந்தது. தலைவரானதும் மற்ற வாசல் சரிவுகளையும் இடிக்க வைத்தார். மழைக்கு முன்பே வடிகாலும் வந்தது.

“இப்படி ஆகும்னு தெரிஞ்சேதான் பண்ணீங்களா?” என்று ஓட்டுப்பெட்டியிடம் கேட்டேன்.

“அட போங்க சார். நான் ஜெயிப்பேன்னு நென்சேன்.” அதற்குள் அடுத்த சீர்திருத்தம் தயார். “ஆனா கடைசி சுத்துல எங்காளு ஒர்த்தன்கூட நிக்க முடில பாருங்க, அது தப்பு. அடுத்த வாட்டி ஒவ்வொருத்தரும் புடிச்ச ஆளு எல்லாத்துக்கும் டிக் போடலாம்னு வெக்கணும்.”

நான் இப்போது பொழிச்சலூருக்குக் குடிவந்துவிட்டேன். மழை பிடித்தால் முதல் போன் அவருக்குத்தான். “ஒரு சொட்டு வர்ல சார்” என்பார், நடந்துகொண்டே. வராது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்கிறவரை எனக்கு இருப்புக்கொள்வதில்லை.