மச்சான் மிச்சம் வைத்த கார்டு

பென்னாகரத்தில் எந்த நல்ல காரியத்தையும் துக்கமாகத் தொடங்கிவைக்க ஒரே ஒருவரால்தான் முடியும். அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. விசேஷங்களுக்கு மைக் கட்டுகிறவர் என்பதால் ஊருக்கு அவர் மைக்செட்டு. எண்பதுகளில் நான் அங்கே ஒரு வங்கியில் எழுத்தராக இருந்தபோது எனக்குப் பக்கத்து வீடு.

மற்ற ஊர்களில் மைக் கட்டியதும் 'ஹலோ, ஹலோ' என்பார்கள். இவர் வாயைத் திறக்கமாட்டார். கைக்குழந்தை அளவிலிருந்த யுகுலேலேயை மடியில் வைத்து மைக்கின் முன் மீட்டுவார். நாலே கம்பி. ஊர்க்காரர்கள் அதைக் குட்டி கிடார் என்றார்கள். அது இன்னும் வளருமா என்று கேட்டவர்களும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு மைனர் ஸ்கேல், மேற்கத்திய இசையில் சோகத்துக்கென்றே வைத்த சுரவரிசை. அதன் ஏழு சுரங்களுக்குள்ளேயே மும்மூன்றாகச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டுகிற கார்டுகளைத் தவிர வேறொன்றை அவர் விரல் தொடாது. நாதஸ்வரக்காரர் ஒருவர் மரியாதையாக 'நடபைரவி ராகம்' என்றார். மற்றவர்கள் இழவு என்றார்கள்.

ஏரியூர்ப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தலில் அவர் மைக் டெஸ்ட் செய்ததைக் கேட்டு, அடுத்த ஊர்ப் பங்காளிகள் மாலையும் கோடித்துணியுமாக வந்து இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாத்தா படுத்த படுக்கையாக இருந்தது அவர்களுக்குத் தெரியும். அந்தத் தாத்தாவே எழுந்து வந்து அவர்களைப் பந்திக்குக் கூப்பிட்டதாகக் கேள்வி.

எனக்குக் கல்லூரி நாளில் கிடார் பழக்கம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்: ஐந்தாவது கார்டில் ஒரே ஒரு சுரத்தை அரைச் சுரம் ஏற்றுங்கள், இப்போது வாசல்வரை வந்து தயங்கி நிற்கிற பாட்டு உள்ளே வந்துவிடும். விரல் வைக்கவும் காட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாங்க சார். மீதிய மச்சான் வந்து சொல்லித்தரேன்னு இருக்கான்."

மச்சான் என்றது மனைவியின் தம்பியை. கப்பலில் வேலை. ஒரு விடுமுறையில் வந்தவன் யுகுலேலேயைக் கொடுத்து, அந்தக் கார்டுகளை மட்டும் கற்றுத்தந்து, மற்றதெல்லாம் அடுத்த லீவில் என்று போனான். அப்புறம் தகவலே இல்லை. மைக்செட்டின் மகள் அப்போது கைக்குழந்தை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் அதுவும் நின்றுபோனது. நான் பார்த்தபோது அவள் மூளிக் காதோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கேலி செய்ய, அழுதுகொண்டே வருவாள். சமாதானப்படுத்த அப்பா குட்டி கிடாரை எடுப்பார். அவள் இன்னும் பலமாக அழுவாள்.

ஒரு சாயங்காலம் அவர் மனைவி என் வாசலில் வந்து நின்றார்.

"இவரு எனக்காகத்தான் புடிவாதமா இருக்காருங்க. வேற ஆளுகிட்ட கத்துக்கிட்டா, எந்தம்பி இனி வரமாட்டான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாம். புள்ளய இன்னும் எத்தன வருசம் மூளியா வூட்ல வெச்சிருக்கறது? நீங்களும் எனக்குத் தம்பி மாதிரிதான் சார். நீங்க மடி குடுங்க. அவருக்கு அந்தக் கார்டயும் சொல்லிக் குடுத்துருங்க."

அவர் அழவில்லை. மனைவியே கேட்டுவிட்டதால், மறுநாள் மைக்செட்டும் கட்டிய கைகளைப் பிரித்து என்னிடம் விரல் வைக்கப் பழகினார்.

காதுகுத்தன்று பிள்ளை என் மடியில் உட்கார்ந்து, ஆசாரி கம்பியை எடுத்ததுமே என் தொடையைக் கிள்ளிப் பழிவாங்கினாள். புனல் ஸ்பீக்கரில் வழக்கமான கார்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஐந்தாவதில் விரல் மாறியது. பாட்டு தயங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தது. சமையல் ஆட்கள் கரண்டியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் மனைவி மட்டும் நிமிரவேயில்லை.

கொஞ்ச நாளில் இண்டூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். புனலில் அதே பழைய இழவு. அதுதான் கற்றுக்கொண்டீர்களே என்று கேட்டேன். அவர் யுகுலேலேயைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தெரியுங்க சார். நாளைக்கே மச்சான் வந்தான்னா, சொல்லித்தர அவனுக்கு ஏதாச்சும் மிச்சம் இருக்கோணுமில்லீங்களா? தெரியாத மாதிரி உக்காந்துக்குவேன்."

மாற்றலாகி வந்து எத்தனையோ காலமாயிற்று. மச்சான் வந்தானா, தெரியாது. ஆனால் கல்யாணப் பந்தலில் யாராவது 'ஹலோ, ஹலோ' என்று தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் மனசு ஒப்புவதில்லை. முதலில் கொஞ்சம் அழுதுவிட்டுத் தொடங்கலாமே என்றிருக்கிறது.